சோடாவும் ஏப்பமும்

நம் பக்கத்தில் ‘வாயு’ என்ற சொல்லுக்குப் பொருள் மிகவும் விரிந்தது. வயிறு ஊதினால் வாயு. முதுகு பிடித்தால் வாயு. தோள்பட்டை வலித்தால் வாயு. நெஞ்சு அடைத்தாலும் வாயுதான். இத்தனைக்கும் மருந்து ஒன்றே: தெருமுனைக் கடையில் ஒரு கோலி சோடா. குடித்த சிறிது நேரத்தில் பெரிய ஏப்பம் ஒன்று வரும். ‘வாயு இறங்கிவிட்டது’ என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் திருமங்கலத்துப் பக்கமிருந்து என் தாய்மாமா மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். நெஞ்சைத் தடவிக்கொண்டே, “மாப்ள, நெஞ்சுக்குள்ள வாயு அடைச்சுக்கிட்டு நிக்குது. ஒரு சோடா வாங்கிட்டு வாயேன்” என்றார். வாங்கி வந்தேன். குடித்தார், ஏப்பம் வந்தது. அரை மணி கழித்து இன்னொன்று கேட்டார். அதையும் வாங்கி வந்தேன். மீண்டும் ஏப்பம். “இப்பத் தேவலைப்பா” என்று படுத்துவிட்டார். விடியற்காலை 4 மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து எழுந்தார். மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபோது அது மாரடைப்பு என்று தெரிந்தது. முதல்நாள் இரவே தொடங்கியிருக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி மடிந்துவிட்டது. முன்போல் வரப்பில் நடந்து வயலுக்குப் போக அவரால் முடிவதில்லை. சோடா வாங்கி வந்தவன் நான். கல்லூரியில் ஆண்டுதோறும் வாயுக்களைப் பற்றிய விதிகளை நடத்துகிறவனும் நானே. அந்த ஏப்பம் எதை நிரூபித்தது என்று அன்றிரவு ஒரு நிமிடம் நான் எண்ணிப் பார்க்கவில்லை. அன்று எண்ணாததை இப்போது வாசகர்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

ஏப்பம் யாருடையது?

கோலி சோடாப் புட்டியை 1872-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்று அறிமுகப்படுத்தியவர் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர். மிகுந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நீரில் கரைத்து அடைக்கிறார்கள். உள்ளிருக்கும் அழுத்தமே கோலிக்குண்டை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுகப் பொருத்தி வைக்கிறது. அழுத்தம் கூடக்கூட மூடி இறுகுகிறது என்பதே இந்தப் புட்டியின் சிறப்பு.

ஒரு நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவு, அந்த நீர்மத்தின் மேலுள்ள அவ்வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 1803-இல் வில்லியம் ஹென்றி கண்ட விதி. வெப்பநிலை கூடினால் கரைதிறன் குறையும் என்பதும் நாம் அறிந்ததே. சோடா வயிற்றுக்குள் சென்றதும் இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. புட்டிக்குள் இருந்த அழுத்தம் போய்விடுகிறது. குளிர்ந்த நீர் 37 பாகை செல்சியசுக்குச் சூடாகிறது. ஆகவே கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரிகிறது.

எவ்வளவு வாயு? நீரின் கன அளவைப் போல் 3 மடங்கு வாயு கரைந்திருப்பதாகக் கொள்வோம். 200 மில்லிலிட்டர் சோடாவில் 600 மில்லிலிட்டர் வாயு இருக்கும். ஒரு பங்கு திறந்தவுடனே பொங்கிப் போனாலும், எஞ்சியதில் பெரும்பங்கு வயிற்றுக்குள் போகிறது. உண்ணாத நிலையில் இரைப்பை முதல் பெருங்குடல்வரை நம் உணவுப் பாதை முழுவதிலும் இருக்கும் வாயுவே ஏறத்தாழ 200 மில்லிலிட்டர்தான். அதைவிட அதிகமான வாயுவை ஒரு புட்டியில் நாமே உள்ளே செலுத்துகிறோம். வருகிற ஏப்பம் பெரும்பாலும் சோடாவுக்குச் சொந்தமானது. சிறிது முன்பு உள்ளே போனது திரும்பி வருகிறது, அவ்வளவே. அதற்கு முன்னரே வயிற்றில் வாயு அடைத்திருந்தது என்பதற்கு அது சான்றாகாது.

ஆப்பச் சோடாவைக் கரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. இது சோடியம் பைகார்பனேட். இரைப்பையில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் வினைபுரிந்து உப்பு, நீர், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைத் தருகிறது. எரிச்சல் உடனே தணிவது உண்மையே. ஆனால் கணக்கைப் பாருங்கள். 84 கிராம் பைகார்பனேட் முழுவதும் வினைபுரிந்தால், உடல் வெப்பநிலையில் ஏறத்தாழ 25 லிட்டர் வாயு உண்டாகும். அப்படியானால் ஒரே ஒரு கிராம், 300 மில்லிலிட்டர் வாயுவை உண்டாக்க வல்லது! உடலில் சேரும் சோடியமோ, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாதது.

நெஞ்செரிச்சல் எப்படி வருகிறது?

இரைப்பை நீர் கடுமையான அமிலம். அதன் பி.எச். மதிப்பு 2 அளவில் இருக்கும். தூய நீரின் மதிப்பு 7. ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால், இரைப்பை நீரில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு தூய நீரில் இருப்பதைவிட ஓர் இலட்சம் மடங்கு அதிகம். இரைப்பையின் உட்சுவரில் இதைத் தாங்கும் வழவழப்பான சளிப்படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அத்தகைய வலுவான கவசம் இல்லை. அமிலம் மேலேறி அதைத் தொட்டால் எரிகிறது. இதுவே நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பமும் இதன் உடன்பிறப்பே.

அமிலம் மேலேறாமல் தடுப்பது, உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள சுருக்குத்தசை. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும் கதவு இது. மூடியிருக்கும்போது 10 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்துடன் இறுகியிருக்கும். இதற்கு வேலை மிகுதி. மார்பறைக்குள் உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. வயிற்றறையிலோ சற்று அதிகம். ஆகவே இரைப்பையில் உள்ளது எப்போதும் மேல்நோக்கிச் செல்லவே முனைகிறது.

கோலிப் புட்டிக்கும் இந்தக் கதவுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான். புட்டியில் அழுத்தம் கூடினால் மூடி இறுகும். வயிறு முட்ட உண்டு இரைப்பை விரிந்தாலோ, இந்தத் தசை அடிக்கடி தளர்ந்து திறந்துகொள்கிறது. உண்டதும் குனிந்து வேலை செய்தல், இடுப்பில் பெல்ட்டையோ பாவாடை நாடாவையோ இறுக்கிக் கட்டுதல், தொந்தி, கர்ப்பம் ஆகியவை வெளியிலிருந்தும் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. புகையிலையும் மதுவும் தசையின் பிடிப்பையே குறைக்கின்றன.

நிற்கும்போது நமக்கு ஒரு துணை உண்டு. அது புவியீர்ப்பு. உணவுக்குழாயின் நீளம் ஏறத்தாழ 25 செ.மீ. இவ்வளவு உயரத்துக்கு நீரை ஏற்ற 18 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வேண்டும். மல்லாந்து படுத்தவுடன் இந்தத் தடை அனேகமாக மறைந்துவிடுகிறது. இன்னொன்றும் நிகழ்கிறது. நிற்கும்போது இலேசான வாயு இரைப்பையின் மேற்பகுதியில், கதவின் அருகே திரண்டிருக்கும். கதவு திறந்தால் ஏப்பமாக வெளியேறும். படுக்கும்போது வாயு முன்சுவரின் பக்கம் மிதந்துவிடுகிறது. கதவருகே இருப்பது அமிலம் கலந்த நீர்மம். இப்போது கதவு திறந்தால் வருவது வாயு அல்ல, அமிலம்!

தூங்கா நகரத்து இரவு உணவு

மதுரையின் அல்லங்காடியை, அதாவது இரவுக் கடைத்தெருவை, மதுரைக்காஞ்சி பேசுகிறது. அந்தப் பழக்கம் இன்றும் மாறவில்லை. இரவு 11 மணிக்கும் பரோட்டாக் கல் சூடாக இருக்கும். சால்னாவில் ஊறிய பரோட்டாவும் கறி தோசையும் உண்டு, மேலே ஒரு ஜிகர்தண்டாவும் குடித்துவிட்டு வீடு வந்து அப்படியே படுப்பவர்கள் எத்தனை பேர்!

நீர் இரைப்பையை விட்டு விரைவாக வெளியேறிவிடும். திட உணவு பெரும்பாலும் வெளியேற 4 மணி நேரம்வரை ஆகலாம். எண்ணெயும் கொழுப்பும் இதை இன்னும் தாமதப்படுத்தும். 11 மணிக்கு உண்டு 11.30-க்குப் படுத்தால், நள்ளிரவு தாண்டியும் இரைப்பை நிறைந்தே இருக்கும். ‘காரம்தான் காரணம்’ என்று மிளகாய்மேல் பழி போடுகிறோம். காரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது சரியே. ஆனால் உண்ட நேரமும் அளவும் படுத்த விதமும் அதனினும் பெரிய காரணங்கள்.

காரணம் இயற்பியல் என்றால், பரிகாரமும் அங்கிருந்தே கிடைக்கும்.

உண்பதற்கும் படுப்பதற்கும் இடையே 3 மணி நேரமாவது விடுக. இரவில் அளவைக் குறைத்து, பகலில் சற்றுக் கூட்டுக. எரிச்சல் உள்ளவர்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் இரண்டிரண்டு செங்கற்களை வைத்து 15 செ.மீ. உயர்த்தலாம். தலையணைகளை அடுக்குவது இதற்கு ஈடாகாது. இடுப்பு மடிந்து வயிற்றில் அழுத்தம் கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. அப்போது இரைப்பையின் பெரும்பகுதி கீழாகவும் கதவு மேலாகவும் அமைகின்றன. உடல் எடை கூடியிருந்தால் குறைக்க வேண்டும்.

எப்போதாவது வரும் எரிச்சலுக்கு, மெக்னீசியம், அலுமினியம் ஹைட்ராக்சைடுகள் கலந்த பால் போன்ற மருந்து போதும். ஹைட்ராக்சைடு அமிலத்தை நடுநிலையாக்கும்போது வாயு உண்டாவதில்லை. சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும். இரண்டு வாரங்களுக்குமேல் மருந்து தேவைப்பட்டால் யாவரும் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

கீழ் வயிற்று வாயு

பெருங்குடலில் உண்டாகும் வாயுவின் கதை வேறு. மொச்சை, காராமணி, கடலை முதலியவற்றில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைச் சிறுகுடலில் செரிக்க நம்மிடம் நொதி இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குச் செல்ல, அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலரிடம் மீத்தேன் ஆகிய வாயுக்களை உண்டாக்குகின்றன. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையும் இப்படியே ஆகிறது. ஒரு நாளில் பத்து இருபது முறை வாயு பிரிவது இயல்பே, நோயன்று.

பயறுகளை இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் அச்சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். உளுந்தை அரைத்துப் புளிக்கவைக்கும்போது அந்த வேலையில் ஒரு பங்கு மாவிலேயே முடிந்துவிடுகிறது. வயிறு கெட்டால் இட்லி உண்ணும் நம் வழக்கத்தில் பொருள் இருக்கிறது.

வயிற்றுப்புண்

தென்னாட்டில் வயிற்றுப்புண் நெடுங்காலமாகப் பெருந்தொல்லை. இரயில்வே ஊழியர்களிடையே இந்நோயை ஆராய்ந்த மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா, இது வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் மிகுதி என்று 1960-களில் எழுதினார். உணவையும் மெல்லும் விதத்தையும் அவர் காரணமாகக் கருதினார். பொதுமக்கள் மிளகாயையும் கவலையையும் சொன்னார்கள். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள், அமிலத்தினூடே இரைப்பைச் சளியில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் இன்றைய பெயர். பிறர் நம்பாததால், 1984-இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று இத்தகைய புண்ணை, ஏறத்தாழ இரண்டு வார மருந்துகளால் குணப்படுத்த முடிகிறது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம். தார் போன்ற கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல், வெளிறிப் போதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும்.

வாயு எங்கே போக முடியாது?

இனி, மாமாவின் நெஞ்சுக்குத் திரும்புவோம். வாயு இருப்பது வாய் முதல் மலவாய்வரை செல்லும் ஒரு குழாய்க்குள். அந்தக் குழாயின் சுவரைத் தாண்டி அது கைக்கோ தோளுக்கோ முதுகுக்கோ ஏற வழியில்லை. குடலின் வளைவுகளில் திரண்டு வயிற்றின் மேற்பகுதியில் வலி தரலாம், அவ்வளவே. ‘வாயு இடது கையில் இறங்குகிறது’ என்று ஒருவர் சொன்னால், இறங்குவது வாயு அல்ல.

ஆனால் இதய வலி வயிற்று வலிபோலத் தோன்றுவது மெய். இதயத்தின் கீழ்ப்பகுதி உதரவிதானத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே இரைப்பை. உணவுக்குழாயோ இதயத்துக்குப் பின்னாலேயே செல்கிறது. இவ்வுறுப்புகளின் வலி நரம்புகள் தண்டுவடத்தில் அடுத்தடுத்த இடங்களில், சில ஒரே இடத்தில் சேர்கின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. ஆகவே மாரடைப்பு சிலருக்கு அஜீரணமாகவும் குமட்டலாகவும் மேல்வயிற்று வலியாகவும் தோன்றுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் வரலாம்.

இதய வலி பலநேரம் ஏறி இறங்கும் தன்மையது. வலி இறங்கும் நேரத்தில் சோடாவின் ஏப்பமும் வந்துவிட்டால், ஏப்பத்தால்தான் குறைந்தது என்று நம்பிவிடுகிறோம். சோடா குடித்து வயிறு விரிந்ததும், ஏப்பத்தால் அந்த விரிவு தளர்ந்ததும் தரும் சுகம் வேறு. இதயத்தில் நடப்பது வேறு.

இரத்தக்குழாய் அடைபட்ட அரை மணி நேரத்திலேயே இதயத் தசை மடியத் தொடங்குகிறது. அடைப்பை நீக்கும் சிகிச்சை எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ அவ்வளவு தசை பிழைக்கும். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 40 கி.மீ. அந்தத் தொலைவைக் கடக்க ஆகும் நேரத்தோடு, சோடாவுக்கும் ஓமத் தண்ணீருக்கும் சுக்குக் கசாயத்துக்கும் செலவிடும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்.

ஆகவே நெஞ்சில் பாரம் வைத்ததுபோன்ற அழுத்தம், தாடை, கழுத்து, முதுகு அல்லது கைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், மாடிப்படி ஏறினால் வந்து நின்றால் குறையும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் சோடா வாங்கப் போகாதீர்கள். 108-ஐ அழையுங்கள். நோயாளியை நடக்கவோ, தாமே வண்டி ஓட்டவோ விடாதீர்கள். 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, நெஞ்சு வலியுடன் வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு. அங்கே ஈ.சி.ஜி. எடுப்பார்கள், தேவையானால் மீண்டும் எடுத்து, இரத்தமும் சோதிப்பார்கள். ‘இது வாயுதான்’ என்று அவர்கள் சொல்லி அனுப்பினால் போன நேரத்துக்கும் பணத்துக்கும் வருந்த வேண்டாம். கைதேர்ந்த மருத்துவரே கருவியின் துணையின்றி உறுதி சொல்லத் தயங்கும் இடத்தில் நாம் ஒரு சோடாப் புட்டியை நம்பினோம்.

சென்ற மாதம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் இப்போது செங்கற்கள் இருக்கின்றன. இரவுச் சாப்பாடு 7 மணிக்கே முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். “ஒரு சோடா குடிச்சா ஏப்பம் வந்து சரியாப் போயிரும்” என்றார். மாமா எழுந்து நின்றார். “ஏப்பம் வரும்யா. சோடாவுல இருக்கிறது வெளிய வராம எங்க போகும்? முதல்ல வண்டியில ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போயி ஈ.சி.ஜி. எடுப்போம்” என்றார்.

நான் வகுப்பில் சொல்வதைவிட அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஏப்பம் வந்தால் வாயு வெளியே வந்தது என்று மட்டுமே பொருள். நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அது சாட்சி அல்ல.